15:00 என்றால் தொடக்கமா, முடிவா? மாடல் இணைப்பு 'தீர்ந்துபோன பிரச்சினை' என்பவர்களுக்கு

கரையோரம்:
பக்கத்து இழையில் மதகு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழை. மழை, ஆறு, நிலத்தடி நீர் இவற்றைக் கணிக்கும் கணினி மாடல்களில் ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஊட்டி ஓட்டுவது பற்றி அவர் சொன்னது இது: "மாடல்களை இணைப்பது தீர்ந்துபோன பிரச்சினை. ஓபன்எம்ஐ வந்து எவ்வளவோ காலமாகிறது, 2014இல் ஓஜிசி தரமாகவும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தரவை அடுக்கி வைப்பது குமாஸ்தா வேலை, அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்."

(ஓபன்எம்ஐ என்பது மாடல்கள் ஓடும்போதே தரவு பரிமாறிக்கொள்ள உதவும் இடைமுகம், ஓஜிசி என்பது புவித்தகவல் தரங்களை வகுக்கும் அமைப்பு.) சரி, ஒரே ஒரு கேள்வி. ஒரு மணி நேர மழைத் தரவு. கோப்பில் 15:00, பக்கத்தில் 12 மி.மீ. அந்த மழை 14 முதல் 15 மணி வரை பெய்ததா, 15 முதல் 16 வரை பெய்ததா? ஹெக்-டிஎஸ்எஸ் என்ற நீரியல் தரவுக் கிடங்கிலிருந்து எடுத்த கோப்பு என்றால் அது இடைவெளியின் முடிவு நேரம். நகர வடிகால் மாடலான ஸ்வம் அதே 15:00ஐ இடைவெளியின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ஊரறிந்த மென்பொருள்தான், இரண்டின் மேலும் தப்பில்லை. ஆனால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் அப்படியே போட்டால் மழை மொத்தமும் ஒரு மணி நேரம் தாமதமாகப் பெய்யும். மொத்த அளவு சரியாக இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. குமாஸ்தா வேலை என்கிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மதகு:
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. நான் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டீர்கள். இணைப்பு என்றால் ஆற்றின் நீர்மட்டம் நிலத்தடி மாடலுக்குப் போய், அங்கிருந்து கசிவு திரும்பி வந்து, இரண்டும் ஒரே நேரப் படியில் ஒத்துப்போகும் வரை மாறி மாறித் தீர்ப்பது. நிறைக் கணக்கு மூடுகிறதா, அதாவது உள்ளே வந்த நீரும், வெளியே போனதும் தேங்கியதும் சேர்ந்ததும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் அங்கே அறிவியல். நீங்கள் பேசுவது கோப்பைப் படிக்கும் முன் தலைப்பு வரியைப் பார்க்கும் பழக்கம். முதலாண்டு மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியது அது.

கரையோரம்:
பதில் வரவில்லை. தொடக்கமா, முடிவா?

நீர்க்குமிழி:
முதலில் இருவரும் 'இணைப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று வரையறுத்துக்கொண்டால் நல்லது. ஒருவழியா இருவழியா? கோப்பு வழியாகவா, நினைவகத்திலேயேவா? அது தெரியாமல் பேசினால் விடியாது.

பழைய ஃபோர்ட்ரான்:
நாங்கள் எழுதிய காலத்தில் நெடுவரிசை 1 முதல் 10 வரை நேரம், 11 முதல் 20 வரை அளவு. யார் எழுதினாரோ அவரிடமே கேட்டுக்கொள்வோம். இப்போது எவரோ எழுதிய பைத்தான் நூலகத்தை இறக்கி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஓட்டிவிட்டு, தரவு மேலாண்மை என்று மாநாடு போடுகிறீர்கள்.

கரையோரம்:
ஐயா, எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இந்த நோயின் வேர். எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார், கோப்பு மட்டும் இருக்கிறது. பைத்தான் என்றீர்கள், அதிலும் இதே கதைதான். பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் மணிவாரியாகக் கூட்டினால், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இடைவெளியின் தொடக்க நேரத்தை ஒட்டும். அதே கட்டளையில் மாத முடிவு வாரியாகக் கூட்டினால் கடைசி நாளை ஒட்டும். ஒரே நூலகம், ஒரே கட்டளை, இரண்டு வழக்கம். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

ஆழ்கிணறு:
நகர வடிகால் மாடல்காரர்களின் கவலையை எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். நான் மாட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மாடலை ஓட்டுகிறேன், என் அழுத்தக் காலம், அதாவது உள்ளீடுகள் மாறாமல் இருக்கும் காலம், ஒரு மாதம். ஒரு மணி நேரம் இப்படியோ அப்படியோ போனால் நீர்த்தாங்கிக்குத் தெரியப்போவதே இல்லை.

கரையோரம்:
மாதமா? அப்படியானால் உங்களுக்குத்தான் அடி பலம். பிப்ரவரி மொத்தத்தை முடிவு நேரத்தில் குறித்தால் பிப்ரவரி 28, 24:00. பாதி மென்பொருளுக்கு 24:00 என்ற நேரமே பிடிக்காது, மார்ச் 1, 00:00 என்று மாற்றி எழுதிவிடும். அடுத்தவர் அதைத் தொடக்கம் என்று படித்தால் பிப்ரவரியில் நிலத்தடிக்கு இறங்கிய நீரூட்டம் முழுவதும் மார்ச்சுக்குப் போய்விடும். எனக்கு ஒரு மணி நேரம் நழுவுகிறது, உங்களுக்கு ஒரு மாதம். உங்கள் கோப்பில் தொடக்கமா, முடிவா?

ஆழ்கிணறு:
என் கோப்பை நானே தயாரிக்கிறேன். எனக்குத் தெரியும்.

கரையோரம்:
உங்களுக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியுமா?

மதகு:
திரும்பத் திரும்ப அதையே கேட்டால் பெரிய கேள்வி ஆகிவிடாது. ஓபன்எம்ஐ முதல் பதிப்பிலேயே நேரப் புள்ளி (ஒரு கணம்) வேறு, நேர நீட்சி (ஓர் இடைவெளி) வேறு என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 2012இல் வந்த வாட்டர்எம்எல் 2.0 என்ற நீர்த்தரவுப் பரிமாற்றத் தரத்தில், மதிப்பு முந்தைய இடைவெளிக்கானதா, அடுத்த இடைவெளிக்கானதா என்று சொல்லத் தனிக் குறியீடே இருக்கிறது. நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்புக்கு, அதன் உள்ளடக்கத்தை விவரிக்கும் சிஎஃப் மரபில், ஒவ்வொரு நேரத்துக்கும் இரு எல்லைகளை எழுதலாம். இவ்வளவும் இருக்கிறது. தீர்ந்தது என்று நான் சொன்னதில் என்ன தவறு?

கரையோரம்:
எழுத இடம் இருக்கிறது. எழுதுகிறார்களா? நெட்சிடிஎஃப் கோப்பை ஒருவர் சிஎஸ்வி என்ற வெறும் அட்டவணைக் கோப்பாக மாற்றுகிறார், நேரம் ஒரு நெடுவரிசை, மழை ஒரு நெடுவரிசை. அந்த இரு எல்லைகள் எங்கே போயின? சிஎஸ்விதான் மின்னஞ்சலில் சுற்றுகிறது, அதைத்தான் இன்னொரு மாடலுக்கு ஊட்டுகிறார்கள். உங்கள் ஓபன்எம்ஐ பாகம் அந்தச் சிஎஸ்வியைப் படித்துவிட்டு எந்த நீட்சியைச் சொல்லும்? எழுதிய ஆள் ஊகித்ததைச் சொல்லும்.

என் கதையைச் சொல்கிறேன். அரை மணி நேர மழைத் தரவு, சிறிய நகர நீர்ப்பிடிப்பு. ஸ்வம்மில் ஓட்டினால் நீரோட்டத்தின் உச்சம், அளந்த உச்சத்தைவிட அரை மணி நேரம் பிந்தி வருகிறது. காலிப்ரேஷன்தானே, அளந்ததோடு ஒத்துவரும்படி எண்களைத் திருத்துவதுதானே என்று, குழாயின் சொரசொரப்பு எண்ணைக் குறைத்துக்கொண்டே போனேன். கான்கிரீட் குழாய்க்கு 0.013 போடுவது வழக்கம், நான் 0.009 வரை இறக்கியிருந்தேன். துணைப்படுகையின் அகலத்தையும் இழுத்துப் பெரிதாக்கினேன். இரண்டும் நீரைச் சீக்கிரம் ஓடவைக்கும். உச்சம் ஒத்துப்போனது, மாடலும் அளவீடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் எண் அழகாக வந்தது, குழுவில் பாராட்டினார்கள். அடுத்த பெருமழைக்கு ஓட்டினால் உச்சம் எகிறி நிற்கிறது. இரண்டு வாரம் குழாய்களைச் சந்தேகித்தேன். கடைசியில் மூலக் கோப்பைத் திறந்தால் நாலாவது வரி # குறியில் தொடங்குகிறது: நேரம் இடைவெளியின் முடிவைக் குறிக்கும். என் நிரல் # வரிகளையெல்லாம் படிக்காமல் தள்ளிவிடும். அதை எழுதியவன் நான்தான். அந்த ஒரு வரியைத்தான் குமாஸ்தா வேலை என்கிறார் இவர்.

வடிநிலம்:
வணக்கம், நான் ஆராய்ச்சி மாணவி. கரையோரம் ஐயா சொன்னது எனக்கும் நடந்திருக்கிறது என்று இப்போதுதான் தோன்றுகிறது. ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலை மறுபகுப்பாய்வுத் தரவின் மணிவாரி மழையில் நேரம் எதைக் குறிக்கும்?

கரையோரம்:
முடிவை. அந்த நேரத்தோடு முடியும் ஒரு மணி நேரத்தின் தொகை. அளவு மீட்டரில் இருக்கும், மில்லிமீட்டரில் இல்லை. இன்றைக்கே உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள் அம்மா.

பழைய ஃபோர்ட்ரான்:
அலகு என்றதும் ஞாபகம் வருகிறது. 1999இல் செவ்வாய்க்குப் போன விண்கலம் பவுண்டு-விசைக்கும் நியூட்டனுக்கும் நடுவே தொலைந்துபோனது. அலகுதான் முதல் எதிரி, நேரம் அப்புறம்.

கரையோரம்:
அலகு தவறினால் எண் ஆயிரம் மடங்கு மாறும், கண்ணில் குத்தும். நேரம் தவறினால் வரைபடம் அழகாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

பழைய ஃபோர்ட்ரான்:
கண்ணில் குத்தியிருந்தால் விண்கலம் ஏன் தொலைந்தது?

மதகு:
இழை விண்வெளிக்குப் போய்விட்டது. அளவைப் பற்றிப் பேசலாமா? 10 சதுர கி.மீ. பரப்பில் 10 மி.மீ. மழை என்றால் 1,00,000 கன மீட்டர். அந்த நீர் எங்கே போனது, எவ்வளவு ஓடையில், எவ்வளவு மண்ணில், எவ்வளவு கீழே இறங்கியது, இரண்டு மாடல்களும் அதே நீரை இரண்டு முறை எண்ணினவா? தினசரிப் படியில் ஓடும் ஒரு மாடலோடு பத்து நொடிப் படியில் ஓடும் ஒரு மாடலை மாட்டும்போது இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆண்டுகள் பிடித்தன. 2008இல் வந்த ஜிஎஸ்ஃப்ளோ என்ற மேற்பரப்பு-நிலத்தடி இணைப்பு மாடலில் மண் மண்டலத்துக்கும் நீர்த்தாங்கிக்கும் நடுவே மாறி மாறித் தீர்ப்பதற்கு எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். அந்த உழைப்பை நேர முத்திரைக்குக் கீழே வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கரையோரம்:
யாரும் கீழே வைக்கவில்லை. குமாஸ்தா என்ற சொல்லை நீங்கள் போட்டீர்கள்.

நீர்க்குமிழி:
மீண்டும் கேட்கிறேன். மதகு சொல்வது இருவழி இணைப்பு, கரையோரம் சொல்வது ஒருவழியில் தரவு ஊட்டுவது. இது இரண்டும் வேறு வேறு இல்லையா?

ஆழ்கிணறு:
இன்னொன்று. 'மாடல்' என்று ஏன் எழுதுகிறீர்கள் எல்லோரும்? 'மாதிரி' என்ற நல்ல சொல் இருக்கிறது.

வடிநிலம்:
எங்கள் ஆய்வகத்தில் மாதிரி என்றால் புட்டியில் எடுத்து வந்த நீர். 'மாதிரிகளை இணைத்தோம்' என்று எழுதினால் இரண்டு புட்டியைக் கலந்தோம் என்று படிப்பார்கள்.

ஆழ்கிணறு:
அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டுமா? 'கணினி மாதிரி' என்று எழுதுங்கள். ஒரு சொல் கூட எழுதச் சோம்பல்.

பழைய ஃபோர்ட்ரான்:
எக்செல்லில் தேதி வைத்திருக்கிறவர்கள் இதையெல்லாம் பேசக்கூடாது. 1900இல் தொடங்கும் தேதி முறை ஒன்று, 1904இல் தொடங்கும் முறை ஒன்று. ஒரு கோப்பிலிருந்து எண்ணை வெட்டி மற்றதில் ஒட்டினால் 1,462 நாள் வித்தியாசம். நாலு வருட மழையே இடம் மாறிவிடும்.

மதகு:
எக்செல் பயன்படுத்துகிறவர்கள் ஆராய்ச்சியாளர்களே இல்லை என்று போன தடவை சொன்னீர்கள். அது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பழைய ஃபோர்ட்ரான்:
நான் சொன்னது மாறாது.

கரையோரம்:
மதகு, எக்செல்லை விடுங்கள். போன மாதம் உங்கள் இணைத்த ஓட்டத்தின் மழைக் கோப்பை இங்கேதான் பகிர்ந்தீர்கள். இப்போது திறந்து வைத்திருக்கிறேன். முதல் வரி 00:00, 3.2. உங்கள் ஓட்டம் தொடங்குவதும் 00:00. முடிவு நேரம் என்றால் அந்த 3.2 மி.மீ. ஓட்டம் தொடங்கும் முன்பே பெய்துவிட்டது, நீங்கள் அதை உள்ளே சேர்த்திருக்கிறீர்கள். தொடக்க நேரம் என்றால் சரி. எது?

மதகு:
தொடக்க நாட்களை ஒத்திகைக் காலமாக வைத்து முடிவுகளிலிருந்து நீக்கிவிடுகிறோம். முதல் வரி எதுவானாலும் பாதிக்காது.

கரையோரம்:
முதல் வரி எதுவோ அதுதான் கடைசி வரியும். எல்லா வரியும் ஒரே பக்கம்தான் நழுவும். எது?

மதகு:
கோப்பு எனக்கு வேறு குழுவிலிருந்து வந்தது. அவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் நிறைக் கணக்கு மூடியிருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது.

கரையோரம்:
நழுவினாலும் மூடும். அதைத்தான் முதல் பதிவிலேயே எழுதினேன்.

ஆழ்கிணறு:
'நீர்நிலைக் கணினி மாதிரி' என்று முழுசாக எழுதினால் குழப்பமே வராது.

நீர்க்குமிழி:
ஒருவழியா, இருவழியா? யாராவது?

கரையோரம்:
மதகு, கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், இழை திறந்துதான் இருக்கும். தொடக்கமா, முடிவா?