என்னைக் கண்டாலே அடுத்த மூலைக்குப் போகும் ஊர்வலக் குதிரை

தண்டையார்பேட்டை_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நைனாவின் அப்பா ஜட்கா ஓட்டியவர். அந்த ஆசை எனக்குள்ளும் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைப் பெண்குதிரையை வாங்கினேன். பெயர் வெள்ளச்சி. மணலிக்குப் பக்கத்தில் தெரிந்தவருடைய காலி மனையில் வேலி கட்டி வைத்திருக்கிறேன்.

கடிவாளம், கயிறு எதுவும் இல்லாமல் என் பின்னால் நடக்க வேண்டும் என்பதுதான் ஆசை. வீடியோவில் பார்த்தபடி வட்டமாகச் சவுக்குக் கழி நட்டு, உள்ளே விட்டு, கயிற்றைச் சுழற்றி ஓடவிட்டேன். நாலாம் நாளே பின்னால் வந்தது. ஆனால் வட்டத்தைத் திறந்துவிட்டால் என்னைப் பார்த்ததுமே தூர மூலைக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் பேண்டு, பத்தாயிரம் வாலா, கண்டெய்னர் லாரியின் ஏர் ஹாரன், எதற்கும் அசையாது. அவ்வளவு சாது. என்னிடம் மட்டும் ஏன் இப்படி?

கொள்ளு_பார்ட்டி:
ஊறவைத்த கொள்ளு ஒரு வாளி கொண்டு போங்கள் தலைவா, ஓடி வரும்.

தண்டையார்பேட்டை_தம்பி:
வாளிக்கு வருகிறது அண்ணே. எனக்கு வரவில்லை.

மாதவரம்_அக்கா:
தம்பி, நான் கால்நடை மருத்துவம் படித்தவள். 'சாது' என்ற சொல்லில்தான் சிக்கல். ஓடிப் பிழைக்கிற பிராணி அது. ஓட வழியில்லாத இடத்தில், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு காதருகே வெடி வைத்தால் உறைந்துதான் நிற்கும். அடுத்த ஹாரனுக்கு அதன் முகத்தைப் பாருங்கள்: மூக்குத்துளை இறுகியிருக்கிறதா, கண்ணுக்கு மேல் சுருக்கம் விழுகிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா? ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணுங்கள். நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான் துடிக்கும்.

வட்டத்தில் மூலை கிடையாது. எவ்வளவு ஓடினாலும் உங்களிடமிருந்து விலக முடியாது. உங்கள் பக்கம் வந்தால்தான் கயிறு சுற்றுவது நிற்கிறது, அதனால் வந்தது. வெளியே விட்டதும் அதைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வட்டத்துக்குள் உங்களிடம் வந்தபோது வாயை நக்கி, வெறும் வாயை மென்றிருக்குமே? அதைப் 'பணிந்துவிட்டது' என்பார்கள். பயத்தில் காய்ந்த வாயில், பதற்றம் தணியும்போது எச்சில் ஊறுவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கயிறு இல்லாமல் போங்கள். முகத்துக்கு நேரே போகாமல், வளைந்து தோள்பக்கம் போங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியதா? அந்த நொடியே நின்று, மூச்சை விட்டு, திரும்பி நடந்துவிடுங்கள். தாமதித்தால் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. அது விலகிப் போனால் துரத்தவே கூடாது. கிட்ட நிற்கவிட்டால், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் கடித்துச் சொறியும். பிரான்சின் கமார்க் குதிரைகளுக்கு அந்த இடத்தில் சொறிந்தபோது இதயத்துடிப்பு குறைந்ததை 1993-ல் வந்த ஆய்வு காட்டியது. அவையும் வெள்ளைக் குதிரைகள்தான், பாருங்கள்!

தண்டையார்பேட்டை_தம்பி:
செய்கிறேன் அக்கா. ஆனால் நான் அதைத் திட்டியதுகூட இல்லையே.

ராயபுரம்_லாடம்:
வாயால் திட்ட வேண்டாம் தம்பி, தோள் இறுகினாலே போதும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கேட்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-ல் கண்டுபிடித்தார்கள். எங்கள் தாத்தா லாயத்துக்குள் போகுமுன் இருமுவார். குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது. யார் வருகிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுவாராம்.

தண்டையார்பேட்டை_தம்பி (மூன்று வாரம் கழித்து):
சவுக்குக் கழிகளைப் பிடுங்கிவிட்டேன். முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். 'சம்பளம் இல்லாத வாட்ச்மேன்' என்று நைனா சிரித்தார். பத்தாம் நாள் ஒரு ஹாரனுக்கு வெள்ளச்சி எகிறி வேலி வரை ஓடியது. குதிரையைக் கெடுத்துவிட்டேனோ என்று பேஜாராகிவிட்டது. அக்காவுக்குத் தனிச் செய்தி போட்டேன். 'இப்போதுதான் பயத்தை வெளியே காட்டுகிறது, வேலி கெட்டியாக இருக்கிறதா பார்' என்றார். இரண்டு கம்பம் மாற்றினேன்.

நேற்று அதுவாகவே வந்து பத்தடி தூரத்தில் நின்றது. காது என் பக்கம். நான் எழுந்து நடந்துவிட்டேன். பின்னால் ஆறேழு அடி வைத்தது, அப்புறம் புல்லுக்குப் போய்விட்டது. தை மாத ஊர்வலம் ஒன்றுக்குக் கேட்டு வந்தார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கொள்ளு_பார்ட்டி:
வாளி எங்கே இருந்தது?

தண்டையார்பேட்டை_தம்பி:
வீட்டில் அண்ணே.