நாற்றழுகலுக்கு ட்ரைகோடெர்மா, பசிலஸ்: பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
மே மாத மழை பிடிச்சால் எங்கட ஸ்லாப்பில மிளகாய் நாற்று தப்புறது பெரும்பாடு. பின்னேரம் பச்சையாய் நிக்கும், விடியப் பார்த்தால் அடித்தண்டு சூம்பி மண்ணோட சாய்ஞ்சு கிடக்கும். இந்த முறை தும்புச்சோறும் மக்கின மாட்டெருவும் கலக்கேக்க ட்ரைகோடெர்மா எண்ட நல்ல பங்கசுப் பொடியும் போட்டு, ஈரம் காயாமல் நிழலில ஒரு கிழமை மூடி வைச்சன். பிறகுதான் விதை போட்டது. பக்கத்துத் தட்டில சும்மா கலவையில முளைச்சதில பாதிக்கு மேல செத்துப்போச்சு. பொடி போட்டது அநேகமாய் எல்லாம் நிக்குது. உண்மையாய் மனம் நிறைஞ்சு போச்சு!

ட்ரைகோடெர்மா மற்றப் பங்கசைச் சுத்திப் பிடிச்சு அதின்ர சுவரைக் கரைச்சுத் தின்னுமாம். 1932 இலேயே வைன்ட்லிங் எண்ட ஆய்வாளர் இதைக் காட்டியிருக்கிறார். சில வகைகள் கிளியோடொக்சின் மாதிரி நச்சுச் சேர்மங்களையும் விடும்.

கொட்டாஞ்சேனை பல்கனி:
அக்கா, நான் தக்காளிக்கு பசிலஸ் சப்டிலிஸ் திரவம் அடிச்சன். ஏற்கனவே புள்ளி விழுந்த இலை மாறேல்லை, அதை வெட்டி எறிஞ்சிட்டன். பிறகு வந்த இலையெல்லாம் சுத்தமாய் வந்தது. இந்தப் பற்றீரியா விடுற இற்றியூரின், ஃபெஞ்சிசின் எண்ட சேர்மங்கள் பங்கசுக் கலத்தின்ர மென்சவ்வை ஓட்டையாக்கும். ஆனால் ஏற்கனவே விழுந்த புள்ளியை மாத்தாது; அதனால நோய் வர முதலே அடிக்கவேணும், அதுவும் வெயில் இறங்கின பிறகு. வாங்கேக்க திகதியைப் பாருங்கோ. ஒரு கடையில கண்ணாடிக்குப் பக்கத்தில, நல்ல வெயில் படுற இடத்தில ட்ரைகோடெர்மாப் பக்கற்றுகளை அடுக்கி வைச்சிருந்தாங்கள். உயிருள்ள சாமானை அப்பிடி வைச்சால் என்ன மிஞ்சும்?

தெஹிவளை ஐயா:
பிள்ளைகள், நல்ல வேலை செய்யிறீங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கோ. உயிருள்ள நுண்ணுயிரைப் போடுவது வேறு, அது உண்டாக்கும் சேர்மத்தைப் பிரிச்சு எடுத்து அடிப்பது வேறு. கசுகாமைசின் என்ற சேர்மம் 1965 இல் யப்பானில், நாரா நகரின் கசுகா ஆலய மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற ஒரு மண் பற்றீரியாவில் இருந்து வந்தது. நெல்லின் எரிபந்த நோய்க்கு அருமையான மருந்து, பங்கசு புரதம் உண்டாக்குவதையே மறிக்கும். ஆனால் திரும்பத் திரும்ப அதையே அடிச்சதால 1970களிலேயே அங்கே எதிர்ப்புள்ள பங்கசு கிளம்பிவிட்டது. இயற்கையானது என்பதற்காகக் கண்டபடி அடிக்கக்கூடாது. இதே வகைப் பற்றீரியாவில் இருந்து வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மனுசருக்கும் தேவையான மருந்து; பூச்சாடிக்கு அதைத் தேடி அலையவே வேண்டாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை, ட்ரைகோடெர்மா போட்ட சாடிக்கு இரசாயனப் பங்கசுநாசினி ஊத்திப்போடாதேங்கோ. ட்ரைகோடெர்மாவும் பங்கசுதான், சேர்ந்து செத்துப்போகலாம். மழைக்கு முந்தி, கன்றைச் சாடி மாத்தேக்க வேரடியில இன்னொருக்கால் போடுங்கோ. சாடியில தண்ணி தேங்க விடாதேங்கோ, தேங்கினால் எந்தப் பொடியும் காப்பாற்றாது.