ஃப்ளிப்பரை அழுத்தினால் ரீசெட் ஆகும் பின்பால் மெஷின்: டபிள்யூபிசி போர்டில் எதை அளப்பது?

வெள்ளிக்குண்டு:
1992-ஆம் ஆண்டு பின்பால் மெஷின், டபிள்யூபிசி (வில்லியம்ஸ் பின்பால் கன்ட்ரோலர்) வகை; ஃப்ளிப்பர்களை இயக்குவது ஃப்ளிப்ட்ரானிக்ஸ் என்ற தனி போர்டு. பந்தைத் தட்டிவிடும் பம்பர், ஸ்லிங்ஷாட் எல்லாம் ஒழுங்காக அடிக்கின்றன. பந்தை மேலே அடிக்கும் இரண்டு ஃப்ளிப்பரின் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மட்டும் டிஸ்ப்ளே அணைந்து, மெஷின் முதலிலிருந்து பூட் ஆகிறது. ஆன் செய்து பத்து நிமிடம் வரை பிரச்சினை இல்லை, சூடேறிய பிறகுதான். சாக்கெட்டில் 229 வோல்ட் வருகிறது, டிரான்ஸ்ஃபார்மர் ஜம்பரும் 230-க்குத்தான் போட்டிருக்கிறது. சிபியு போர்டை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

சால்டர்மணி:
சிபியு போர்டில் கை வைக்காதீர்கள். அதில் எம்சி34064 என்று மூன்று கால் ஐசி ஒன்று 5 வோல்ட் லைனையே பார்த்துக்கொண்டிருக்கும். லைன் 4.6 வோல்ட் அளவுக்கு இறங்கினால் பிராசசரை ரீசெட் செய்துவிடும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, 5 வோல்ட்தான் நிற்கவில்லை.

முதல் சோதனை இலவசம். மெஷினை அணைத்துவிட்டு, ஃப்ளிப்ட்ரானிக்ஸ் போர்டில் எஃப்901 முதல் எஃப்904 வரை நான்கு ஃபியூஸையும் கழற்றுங்கள். சூடேறிய பிறகு ஆட்டம் தொடங்கி பட்டனை அழுத்துங்கள். ரீசெட் ஆகவில்லை என்றால் ஃப்ளிப்பர் காயில் இழுக்கும் கரண்ட்தான் 5 வோல்ட்டைச் சாய்க்கிறது. அப்போதும் ஆனால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டு, பவர் டிரைவர் போர்டில் டிபி2-க்கும் கிரவுண்டான டிபி5-க்கும் இடையே டிசி அளவிடுங்கள். மீட்டரில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி (Min/Max) இருந்தால் அதில் வையுங்கள். அடுத்து மீட்டரை ஏசிக்கு மாற்றி, சி5 என்ற பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் இடையே ரிப்பிள், அதாவது டிசியில் மீந்திருக்கும் ஏசி அலை, எவ்வளவு என்று பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

போர்டுகள் இருக்கும் இதே பேக்பாக்ஸில் சோலனாய்டு (காயில்) லைன் சுமார் 70 வோல்ட், டிஸ்ப்ளே சப்ளை 100-க்கும் மேல். அளக்கும்போது ஒரு கை வெளியே இருக்கட்டும்.

காயில்_காரன்:
சூடேறினால்தான் வருகிறது என்பது நல்ல துப்பு. பவர் டிரைவர் போர்டில் ஏசியை டிசியாக்கும் பிஆர்2 பிரிட்ஜின் கால்களில் சால்டர் விரிசல் விட்டிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். போர்டைக் கழற்றிப் பின்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி முடி போல ஒரு கறுப்பு வளையம் தெரியும்.

ஃப்ளிப்பர் காயிலின் டையோடுகளையும் விடாதீர்கள். 1என்4004, காயிலுக்கு இரண்டு. அதிர்வில் கால் ஒடிந்து தொங்கினால் காயில் அணையும்போது எழும் ஸ்பைக் போர்டுக்குத் திரும்பும். பட்டை போட்ட முனை, பவர் வரும் பொதுக் காதில் இருக்க வேண்டும்.

பட்டனைத் தொடாமலே கண்டபடி ரீசெட் ஆனால் மட்டும் சிபியு போர்டில் இருக்கும் மூன்று ஏஏ பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளிக்குண்டு:
ஃபியூஸ் இல்லாமல் ரீசெட் ஆகவில்லை. டிபி2-வில் சும்மா இருக்கும்போது 4.96, அழுத்தினால் குறைந்தபட்சம் 4.71. சி5-இல் ஏசி 0.9. டையோடுகள் நன்றாக இருக்கின்றன. 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றிவிடவா?

சால்டர்மணி:
வேண்டாம். எல்எம்323கே ரெகுலேட்டருக்கு உள்ளே 7.5 வோல்ட்டாவது வர வேண்டும். சி5 காய்ந்துபோனால் ரிப்பிளின் பள்ளம் அதற்கும் கீழே போகிறது, வெளியே 5 வோல்ட் இடறுகிறது. மீட்டர் 4.71 காட்டினாலும் நிஜப் பள்ளம் அதைவிட ஆழம், மீட்டருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ரெசிஸ்டர் சேர்த்து 5 வோல்ட்டைத் தூக்கிவிடச் சிலர் சொல்வார்கள். நோயை மறைக்கும் வேலை அது.

சி5-ஐயும் பிஆர்2-ஐயும் சேர்த்தே மாற்றுங்கள். சி5: 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். பிஆர்2: 35 ஆம்பியர், 200 வோல்ட் போதும், ஒயர் கால் உள்ளதாக வாங்குங்கள். தட்டைக் கால் துளையில் இறங்காது.

பழைய பிரிட்ஜை நெம்பி எடுக்கவே கூடாது. கால்களை மேலே கட்டரால் வெட்டி, மீந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். நெம்பினால் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு காலோடு வந்துவிடும், மேல்பக்கத் தடமும் கீழ்ப்பக்கத் தடமும் பிரிந்துவிடும். புதியதை வைக்கும்போது பிளஸ் மூலை பழையது இருந்த திசையிலேயே இருக்க வேண்டும், ஹீட்சிங்க்குக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் தடவுங்கள்.

கடைசியாக, போர்டின் பின்பக்கம் பிஆர்2 பிளஸ்ஸிலிருந்து சி5 பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸிலிருந்து மைனஸுக்கு ஒன்று என்று 18 கேஜ் ஒயரில் ஜம்பர் போட்டுவிடுங்கள். துளைப் பூச்சு பாதி போயிருந்தாலும் கவலை இல்லை.

காயில்_காரன்:
மாற்றிய பிறகு 5 வோல்ட்டை சிபியு போர்டிலும் அளந்து பாருங்கள். டிபி2-வைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சிபியு-வின் ஜே210 கனெக்டரில் பின்கள் கருகியிருக்கும். பின்னை மட்டும் தேய்த்துப் பயனில்லை, ஒயர் பக்கத்து டெர்மினலையும் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.