கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கு நூலக சிஸ்டம்ஸ் வேலை: நெட் தேர்வு முதலா, கோஹா மென்பொருள் முதலா?

லேப்டெக்: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போது கல்லூரி லேப் டெக்னீஷியன். நூலகத்தின் கோஹாவையும் (நூலக நிர்வாக மென்பொருள்) மூடிலையும் (இணையவழிப் பாட மென்பொருள்) பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறலாம் என்று யோசனை. லினக்ஸ் ஓரளவு வரும். எம்.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் முதுநிலை) கட்டாயமா? முதலில் எதைப் படிக்க?

அட்டவணை: நிரந்தரப் பதவி வேண்டுமென்றால் கட்டாயம். யூஜிசி 2018 விதிப்படி உதவி நூலகர், கல்லூரி நூலகர் இரண்டுக்குமே நூலக அறிவியல் முதுநிலையில் 55% வேண்டும்; கூடவே நெட் என்ற தேசிய தகுதித் தேர்வும் (விதிக்கு உட்பட்ட பிஎச்.டி. இருந்தால் நெட் விலக்கு). தொடக்க அடிப்படைச் சம்பளம் லெவல் 10, அதாவது ரூ. 57,700. எந்தப் பட்டம் இருந்தாலும் பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் இளநிலை) சேரலாம், வேலையை விடாமல் படிக்க இக்னோ தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எல்.ஐ.எஸ்., எம்.எல்.ஐ.எஸ். இரண்டுமே உண்டு. நெட்டில் மொத்தம் 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கேட்காதவருக்கு வயது வரம்பும் இல்லை. சர்வர் மட்டும் தெரிந்தவரை ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பார்கள், அதுதான் நடைமுறை.

மார்க்21: பதவி விஷயத்தில் சார் சொன்னது சரி. ஆனால் வேலையில் நிற்க வைப்பது டேட்டா. கோஹாவை நிறுவுவது ஒரு மாலை வேலை; பழைய எக்செல் பட்டியலை உள்ளே ஏற்றுவதில்தான் உயிர் போகும். மார்க் என்ற நூலகப் பதிவு வடிவத்தில், பதிவின் தொடக்கப் பகுதியான லீடரின் 9-ஆம் இடத்தில் 'ஏ' இல்லையென்றால் கோஹா யூனிகோடை மார்க்-8 என்ற பழைய குறியாக்கம் என்று நினைத்துத் தமிழைக் குதறிவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தலைப்புகளை ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடாக்குங்கள், அப்புறம் திருத்த முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரதி விவரம் பதிவின் 952 என்ற புலத்தில் போகும்: கிளைக் குறியீடும் நூல்வகைக் குறியீடும் கோஹாவில் முன்பே இருக்க வேண்டும், பார்கோடு இரண்டு முறை வரக்கூடாது. முதலில் 50 பதிவு ஏற்றிப் பாருங்கள்.

லேப்டெக்: நன்றி சார். சோதனைக்குப் போட்டதில் தமிழ்ப் புத்தகம் திறக்கிறது, தேடினால் பூஜ்யம். ஏன்?

மார்க்21: கோஹாவின் தேடுபொறியான ஸீப்ரா பழைய எழுத்துப் பட்டியலை வைத்து இண்டெக்ஸ் செய்கிறது, அதில் தமிழ் கிடையாது. யூனிகோடு புரிந்த ஐசியு முறைக்கு மாற்றி, முழு இண்டெக்ஸையும் மறுபடி கட்டுங்கள். மாற்றிவிட்டு மறுகட்டுமானத்தை விட்டால் பழைய பதிவுகள் அப்படியே கிடக்கும்.

க்ரான்: மூடில் பக்கம் சுருக்கமாக. க்ரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் பணி) நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றால் பல அறிவிப்பு மெயில்கள் போகாது, மாணவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள். பெரிய கோப்பு ஏறவில்லை என்றால் பிஎச்பி அமைப்பில் அப்லோட் அளவு, போஸ்ட் அளவு இரண்டையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களே அதிகம். பேக்கப் என்றால் டேட்டாபேஸும் மூடில்டேட்டா கோப்புறையும் சேர்ந்துதான். கோஹா தினமும் தானே டம்ப் (டேட்டாபேஸ் நகல்) எடுக்கும், ஆனால் அதே மெஷினில்தான் வைக்கும். வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இன்னொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள். இன்டர்வியூவில் மூடில் பற்றியோ கோஹா பற்றியோ பேசுவதைவிட, மீட்டுக் காட்டினேன் என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.