அடைப்பு எடுக்க எவ்வளவு கொடுத்தீர்கள்?

நங்கநல்லூர், மாடி வீடு:
சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை என்று ஆப் ஒன்றில் புக் செய்தேன். வந்தவர் சிங்க்குக்குக் கீழே கசடு தங்கும் குப்பியை, அதாவது பாட்டில் டிராப்பைக் கழற்றினார், உள்ளே இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தேங்காய்த் துருவலையும் வழித்துப் போட்டார், திருப்பி மாட்டினார். விசிட்டிங், மெஷின் சார்ஜ், கெமிக்கல், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி என்று பில் 1,850 ரூபாய். மெஷின் பையை விட்டு வெளியே வரவே இல்லை! நீங்களெல்லாம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

அம்பத்தூர்:
ரொம்ப அதிகம் சார். எங்கள் தெரு பிளம்பர் இதற்கு 400 வாங்குவார், ஞாயிற்றுக்கிழமை என்றால் 500. சிங்க் மட்டும் நின்றால் அநேகமாக டிராப்தான். பாத்ரூமும் சேர்ந்து நின்றால் கோளாறு வெளியே, சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) பக்கம்.

மயிலாப்பூர், பழைய வீடு:
சேம்பர் என்றதும் எங்கள் கதையைச் சொல்லத்தான் வேண்டும். வாசல் வரைக்கும் மூன்று சேம்பர், நடுவில் அந்தக் காலத்து மண் குழாய், பக்கத்தில் வேப்பமரம். மழைக்காலம் வந்தால் அடைக்கும். ஒருவர் ராடு (அடைப்பைக் குத்தும் நீளக் கம்பி) விட்டு 1,500 வாங்கிக்கொண்டு போவார், தண்ணீர் ஓடும், அடுத்த மழைக்குத் திரும்ப நிற்கும். அப்புறம் வந்த வயசான மேஸ்திரி முதலில் கருவியையே தொடவில்லை. மூன்று மூடியையும் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். முதல் இரண்டும் நிரம்பி நின்றன, மூன்றாவது காய்ந்து கிடந்தது. "இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவுலதான்மா" என்றார். ஸ்பிரிங் மெஷினை விட்டு இழுத்தபோது வந்தது, நனைந்த சடை போல முழ நீளத்துக்கு வேர். சிமென்ட் ஜாயின்ட் விட்ட இடத்தில் உள்ளே புகுந்திருக்கிறது. அன்றைக்கு 3,500 ஆனது. அந்தத் துண்டை மட்டும் தோண்டி பிவிசி போட்டதில், கூலி, சிமென்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 16,000. வலித்தது. ஆனால் ராடுக்காரருக்கு வருஷா வருஷம் அழுதது அதோடு நின்றது.

ஆளைக் கூப்பிடும் முன்னால் மூடிகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். எது நிரம்பியிருக்கிறது என்று போனிலேயே சொன்னால் ரேட்டும் போனிலேயே படிந்துவிடும். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பவரிடம், அடிக்கணக்கா மொத்தமா என்பதையாவது கேட்டு வாங்குங்கள். அடிக்கணக்கு என்று ஆரம்பித்தால் குழாய் நீண்டுகொண்டே போகும்!

தாம்பரம் தாண்டி, செப்டிக் டேங்க்:
எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, லாரிதான். 6,000 லிட்டர் வண்டி ஒரு நடைக்கு 2,500. சிமென்ட் வைத்துப் பூசிய மூடியை உடைத்துத் திரும்பப் பூச கொத்தனாருக்குத் தனியாக 600. உறிஞ்சி முடித்ததும் கூட வந்த பையன், "அடியில கசடு இருக்குக்கா, ஆயிரம் குடுத்தா இறங்கி வாரிடறேன்" என்றான். இருபது வயசு இருக்கும். வேண்டவே வேண்டாம் என்று டீ கொடுத்து அனுப்பினேன். உள்ளே நிற்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், கூலிக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் மாட்டுவார். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அடியில் கொஞ்சம் கசடு தங்கினால் டேங்குக்கு ஒன்றும் ஆகாது, அதில்தான் பாக்டீரியா வளரும். உரிமம் உள்ள வண்டி வேண்டுமென்றால் 14420-க்கு அடித்துக் கேளுங்கள்.

நங்கநல்லூர்:
மூடி விஷயம் தெரியாது, நன்றி. கடைசி சேம்பரும் சேர்ந்து நிரம்பியிருந்தால் என்ன செய்வது?

அண்ணா நகர், அடுக்குமாடி:
அப்போது காசை எடுக்காதீர்கள். பெரும்பாலும் தெரு லைனில் அடைப்பு. அதை எடுப்பது மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) வேலை, 1916-இல் புகார் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அசோசியேஷனில் இது தெரியாமல் தனியாள் பிடித்து, காம்பவுண்டுக்குள் 4,000 ரூபாய்க்கு ராடு விட்டார்கள். சொட்டுத் தண்ணீர் நகரவில்லை. வாரியத்தின் ஜெட் ராடிங் வண்டி (தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுப்பது) வந்து தெரு மேன்ஹோலில் ஹோஸை விட்டதும், எங்கள் சேம்பர் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. புகார் கொடுக்கும்போது எதிர்வீட்டிலும் நிற்கிறதா என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தெரு லைன்தான் என்று அவர்களுக்கும் புரிந்துவிடும்.