மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பம்: வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கோத்தகிரிவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர்கள். தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கியபின் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தாத்தா இப்போது இல்லை. எண்பதைக் கடந்த அப்பாயிக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் கேட்டால், "அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். கைவசம் ஒரு குடும்ப அட்டையும் இரண்டு புகைப்படங்களுமே உள்ளன. கடல் கடந்துபோன முதல் தலைமுறையிலிருந்து வரிசையாக எழுத நினைத்தேன்; ஒரு பக்கம்கூட நகரவில்லை. வழி சொல்லுங்கள்.

பழைய பேரேடு:
முதல் தலைமுறையைத் தொடவே வேண்டாம். அப்பாயி கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குங்கள். வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் வாய் வராது. லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எத்தனையாவது காம்பரா (அறை), அடுத்த காம்பராவில் யார் இருந்தார்கள், விடியற்காலைப் பிரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது) பெயர் கூப்பிட்டவர் யார், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எத்தனை றாத்தல் (பவுண்டு) கழித்துக்கொண்டார் என்று கேட்டுப்பாருங்கள். எடைக் கழிவைப் பற்றிக் கேட்டால் பேச மறுப்பவர்களுக்கும் கோபம் வந்து பேச்சு வந்துவிடும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அவர் பேச்சை அவர் பேசியபடியே எழுதுங்கள், தயவுசெய்து செந்தமிழாக்கிவிடாதீர்கள். குடும்ப அட்டையில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே படியெடுங்கள். ஆனால் அதிலுள்ள வயதை மட்டும் நம்பிவிட வேண்டாம், அக்காலத்தில் பலருக்கும் வயது குத்துமதிப்பாகவே எழுதப்பட்டது.

மதுரை வாசகி:
காலவரிசைக்கு ஒரு வழி உண்டு. பெரியவர்கள் ஆண்டைச் சொல்லமாட்டார்கள், நடந்ததைச் சொல்வார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்பா பின்பா, 1977 கலவரத்தின்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா இங்கே வந்துவிட்டீர்களா என்று கேட்டால், குழந்தை பிறந்ததும் கல்யாணம் நடந்ததும் அந்தந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் வருடப் பெயராகச் சொன்னால் கவனம் தேவை; அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதைத் தேடி எடுங்கள். ஊரும் பேரும் தொகையும் எழுதிய அந்த நோட்டைவிட நல்ல உறவுப் பட்டியல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோத்தகிரிவாசி:
மிக்க நன்றி. காம்பராவைப் பற்றிக் கேட்டதும் அப்பாயி ஒரு மணி நேரம் பேசினார். இப்போது வேறொரு சிக்கல். சின்னத் தாத்தா குடும்பம் இலங்கையிலேயே தங்கிவிட்டது. நகைத் தகராறுதான் காரணம் என்று பெரிய அத்தையும், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சின்ன அத்தையும் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

பழைய பேரேடு:
இரண்டையும், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. ஆனால் பின்னணியைச் சேர்த்தே ஆக வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 ஒப்பந்தம் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்குமாகப் பிரிந்த வீடுகள் ஏராளம். நகை அதற்குக் காரணமாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. சின்னத் தாத்தாவின் பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் தரப்பையும் கேட்டுவிட்டு அந்தப் பகுதியை எழுதுங்கள். அங்கேயும் ஒரு குடும்ப அட்டையோ புகைப்படமோ நிச்சயம் இருக்கும். பேசும்போது நகைப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.