டாலரன்ஸ்: சகிப்பா, தன்னேற்பா, பொறுதியா?

ஐயா வணக்கம்,

இம்யூன் டாலரன்ஸுக்கு, அதாவது உடம்போட நோய் எதிர்ப்புப் படை ஒண்ணை அடிக்காம விட்டுவைக்கிறதுக்கு, தமிழ்ச் சொல்லா நீங்க சொன்ன 'தன்னேற்பு' சின்னதா அழகாத்தான் இருக்கு, ஆனா முன்னாடி நிக்கிற அந்த 'தன்' எனக்கு இடிக்குது. இம்யூன் டாலரன்ஸ்னாலே உடம்பு தன் சொந்த திசுவை விட்டுவைக்கிறதுதான்னு நினைச்சுக்கறோம், ஆனா கதை ஆரம்பிச்சதே அடுத்தவங்க ரத்தத்துலதான். 1945-ல அமெரிக்காவுல ரே ஓவன்ங்கற விஞ்ஞானி இரட்டைக் கன்னுக்குட்டிங்களோட ரத்தத்தைப் பாத்தார், தாய் வயித்துல ரெண்டோட ரத்தக்குழாயும் சேந்துக்கிட்டதால ஒண்ணோட செல் இன்னொண்ணுக்குள்ள போயி, வளந்து பெரிய மாடான பிறகும் அங்கயே குடித்தனம் பண்ணிட்டிருக்கு, விரட்ட ஆளில்ல. அப்புறம் 1953-ல மெடாவர், பில்லிங்காம், பிரெண்ட் மூணு பேரும் எலி கருவுல இருக்கும்போதே வேற ரக எலியோட செல்லை ஊசியில ஏத்தினாங்க, அதுல சிலது வளந்த பிறகு அந்த ரகத்துத் தோலை ஒட்டினா பிடிச்சுக்கிச்சு, மூணாவது ரகத்துத் தோலை மட்டும் உதறிடுச்சு. 1960-ல மெடாவருக்கும், இப்படி நடக்கும்னு முன்னாடியே கணிச்ச பர்னெட்டுக்கும் நோபல் வந்தது இதுக்குத்தான். இதைப் போயி எப்படி 'தன்'னேற்புன்னு எழுதறது?

'சகிப்புத்தன்மை' வேண்டாம்னு நீங்க சொன்னதுல எனக்கு முழு சம்மதம். பிடிக்காததைப் பல்லைக் கடிச்சுட்டு தாங்கிக்கறதுதான் சகிப்பு, சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி. 'இணக்கம்' நல்ல சொல்தான், ஆனா உறுப்பு மாற்றத்துல திசு இணக்கம்னு வேற அர்த்தத்துல ஏற்கனவே ஓடுது, ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா படிக்கிறவங்க பாடு திண்டாட்டம். தங்கச்சி சொன்ன 'ஒத்துகை'யும் அப்படித்தான், பால் ஒத்துக்காது, கத்திரிக்கா ஒத்துக்காதுன்னு ஊரே சொல்லுது, அதை அந்த வேலைக்கே விட்டுடலாம்.

நான் சொல்றது 'பொறுதி'. எங்க ஆச்சி "செத்த பொறுதியா இருல"ன்னு சொல்லும், அதே பொறுதி. அடிக்கத் தெரிஞ்சவன் கையை ஓங்காம இருக்கறதுதான் பொறுதி, நோயை எதிர்த்து அடிக்கிற வெள்ளை அணுவான டி செல்லுக்குப் பொருந்துதா இல்லையா பாருங்க.

மறுப்பு ஒண்ணு வரும், அதையும் நானே சொல்லிடறேன். டி செல்லுங்க முதிர்ற இடமான, நெஞ்சுக்குள்ள இருக்கற தைமஸ் சுரப்பியில நடக்கிறதைப் பாத்தா பொறுதியாவே தெரியாது, படுகொலை. இன்சுலின் மாதிரி வேற உறுப்புல மட்டும் இருக்கவேண்டிய சரக்கையெல்லாம் ஏஐஆர்இ ஜீன் புண்ணியத்துல தைமஸ் செல்லுங்க அங்கயே கொஞ்சங்கொஞ்சம் செஞ்சு காட்டும், அதை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற டி செல் பெரும்பாலும் அங்கயே காலி, சிலது மட்டும் ஒழுங்காக்கி டி செல்லா மாறி வெளிய வரும். தப்பிச்சு வெளிய வந்த முரடனுங்களை அடக்கறது இந்த ஒழுங்காக்கிங்கதான். ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சி 1995-ல அதுங்களைப் பிரிச்சுக் காட்டினார், இந்த ஒழுங்காக்கிங்களுக்கு அவசியமான பாக்ஸ்பி3 ஜீன் கெட்டா என்ன ஆகும்னு ப்ருங்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001-ல கண்டாங்க, மூணு பேருக்கும் 2025-ல நோபல். ஆக பொறுதிங்கறது செல்லோட குணம் இல்ல, உடம்போட நிலை, உள்ள கொலையோ அடக்குமுறையோ எது நடந்தாலும் வெளிய தெரியறது அதுதான். டாலரன்ஸ்ங்கற சொல்லும் வழியைச் சொல்லல, முடிவைத்தானே சொல்லுது.

இன்னொரு லாபம், கிளை நல்லா விடுது: தைமஸ்ல வர்றது மையப் பொறுதி, வெளிய வர்றது புறப் பொறுதி, தன்திசுன்னு குறிப்பா சொல்லணும்னா தன்பொறுதி, வயித்துல இருக்கற பிள்ளையை அம்மா உடம்பு தாங்கறது கருப்பொறுதி, எல்லாம் கெட்டு, உடம்பே தன் இன்சுலின் செல்லை அடிக்கிற டைப் 1 சர்க்கரை மாதிரி வந்தா பொறுதி முறிவு. சகிப்புத்தன்மையை வச்சு இப்படி எழுதிப் பாருங்க, வரி நிறைஞ்சுடும்.

மாட்டிக்கிட்டது அனெர்ஜி மட்டும்தான். செல் சாகல, ஆனா தட்டினாலும் எழுந்திரிக்காது. கால் மரத்துப்போற மாதிரி. அதனால 'மரப்பு'ன்னு வைக்கலாமான்னு ஒரு ஆசை, ஆனா மயக்க மருந்து டாக்டருங்க இது எங்க சொல்லுன்னு சண்டைக்கு வருவாங்களோ என்னவோ, உங்க மருமகன் அந்தத் துறைதானே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க ஐயா.